பாடம் 9: பெற்றோலியம் ஜெலி – மூடும் முன் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்

இந்தப் பாடம் ஏன்?

கற்பிட்டி, ஆலங்குடா, நுரைச்சோலை, பாலாவி, தில்லையடி என்று புத்தளத்துக் கரையோரத்தில் பல வருடங்கள் வாழ்ந்துவிட்டு, 1990 ஒக்டோபரில் விட்டுவந்த ஊருக்குத் திரும்பும் குடும்பங்களே! தகரமும் பாயும் சட்டி பானையும் கட்டும்போது, அலுமாரித் தட்டிலிருக்கும் ஒரு சிறிய போத்தலையும் மறக்காமல் எடுத்து வைப்பீர்கள். அதுதான் பெற்றோலியம் ஜெலி. எந்தக் கம்பனி செய்தாலும் அதை நாம் "வாஸ்லின்" என்றே சொல்கிறோம். வெடித்த காலுக்கும், காய்ந்த உதட்டுக்கும், பிள்ளையின் தடிமனுக்கும், சுட்ட புண்ணுக்கும் அதே போத்தல்தான்.

புத்தளத்தில் இருக்கும்போது, பிழையாகப் பூசினாலும் பக்கத்தில் வைத்தியசாலை இருந்தது. காடு வெட்டிக் குடியேறும் இடத்தில் வைத்தியசாலை பல மைல் தூரத்தில் இருக்கலாம். பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்றாக இருக்கலாம். அப்போது இந்தப் போத்தலே வீட்டின் மருந்துப் பெட்டியாகிவிடும். ஆபத்து தொடங்குவது அங்கேதான்.

பெற்றோலியம் ஜெலி கெட்ட பொருள் அல்ல. அதை வீசிவிடும்படி இப்பாடம் சொல்லவில்லை. எங்கே பூசலாம், எங்கே பூசக்கூடாது, எதை வாங்குவது என்ற மூன்றையும் வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

அது மருந்தல்ல, ஒரு மூடி

1859 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா எண்ணெய்க் கிணறுகளுக்கு றொபேட் செஸ்பரோ என்ற இளம் இரசாயனவியலாளர் போனார். பம்பிக் கம்பிகளில் ஒட்டிய கறுத்த மெழுகைத் தொழிலாளர் வெட்டுக்காயத்திலும் சுட்ட இடத்திலும் பூசுவதைக் கண்டார். அந்த மெழுகைச் சுத்திகரித்து வெள்ளையாக்கி, 1872 இல் "வாஸ்லின்" என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். தன் கையிலேயே சூடு வைத்து அதன்மேல் பூசிக் காட்டி அதை விற்றார் என்று சொல்வார்கள். சுட்ட புண்ணுக்கு வாஸ்லின் என்ற நம்பிக்கை நம் மூத்தோருக்கு மட்டும் உரியதல்ல. அது 150 வருடம் பழமையான விளம்பரம்.

இன்று நாம் அறிந்தது வேறு. இந்த ஜெலிக்குள் கிருமியைக் கொல்லும் பொருளோ புண்ணை ஆற்றும் மருந்தோ இல்லை. தோலிலிருந்து தண்ணீர் ஆவியாகிப் போவதை அது தடுக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. பானைக்கு மூடி போடுவது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மூடிக்குக் கீழே சுத்தமான, ஈரப்பதமுள்ள தோல் இருந்தால், அது மெதுமையாகும், வெடிப்பு ஆறும். கீழே சூடு இருந்தால் சூடு அடைபடும். கிருமி இருந்தால் கிருமி அடைபடும். பூச்சிமருந்து இருந்தால் அதுவும் அடைபடும். ஆகவே போத்தலைத் திறக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் எதன்மேல் மூடி போடப் போகிறேன்?"

கீழே சூடு இருந்தால்: எரிகாயம்

புதிதாகக் குடியேறிய இடத்தில் மின்சாரம் வரும்வரை பல வீடுகளில் குப்பி விளக்குத்தான். பழைய போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட விளக்கு இலகுவில் சரியும். சரிந்தால் எண்ணெய் கொட்டி, நெருப்பு பாயிலும் உடையிலும் பிடிக்கும். இலங்கையில் இப்படி எரிந்து வருவோருக்குச் சிகிச்சை செய்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, சரியாத விளக்கு ஒன்றை வடிவமைத்தார். தடித்த கண்ணாடி, குட்டையான கனமான உடல், உருளாதபடி இரண்டு தட்டைப் பக்கங்கள், திருகி மூடும் உலோக மூடி. "சுதீப" என்ற அந்த விளக்குக்காக 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. குப்பி விளக்குத்தான் உங்களுக்கு வழி என்றால், அப்படியான குட்டையான, கனமான, திருகுமூடி உள்ள விளக்கையே பாவியுங்கள்.

விளக்குச் சரிந்து, அல்லது சோற்றுக்கஞ்சி கொட்டி, பிள்ளையின் கை சுட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உம்மம்மா வாஸ்லின் போத்தலைத் தேடுவார். சுட்ட தோல், நெருப்பை விட்டு எடுத்த பிறகும் உள்ளே தொடர்ந்து வெந்துகொண்டிருக்கும். அதன்மேல் ஜெலி பூசினால் சூடு வெளியேற வழி இல்லை, காயம் ஆழமாகலாம். வைத்தியசாலையில் அதைச் சுரண்டி எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டியும் வரும். அது பிள்ளைக்கு இரண்டாவது வேதனை. பற்பசை, வெண்ணெய், முட்டை வெள்ளைக்கரு ஆகியவற்றையும் பூசக்கூடாது.

செய்ய வேண்டியவை இவை:

1. மோதிரம், வளையல், இறுக்கமான உடை ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய துணியை இழுக்க வேண்டாம்.
2. சுத்தமான குளிர்ந்த தண்ணீரைச் சுட்ட இடத்தில் 20 நிமிடம் ஊற்றுங்கள். ஐஸ் வைக்க வேண்டாம். கடல் தண்ணீரோ களப்புத் தண்ணீரோ வேண்டாம்.
3. பவுசர் தண்ணீரை நம்பியிருக்கும் இடமென்றால், சுட்ட கையைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் அமிழ்த்தி வையுங்கள், அல்லது சுத்தமான துணியைத் திரும்பத் திரும்ப நனைத்துப் போடுங்கள். இதற்காகவே ஒரு மூடிய வாளித் தண்ணீரைக் குசினிக்குப் பக்கத்தில் எப்போதும் வைத்திருங்கள்.
4. கைக்குழந்தை என்றால் சுட்ட இடத்தை மட்டும் குளிர வையுங்கள். மற்ற உடம்பைப் போர்த்துங்கள்.
5. பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். முகம், கை, மூட்டு, மறைவிடம் சுட்டிருந்தாலும், காயம் காயப்பட்டவரின் உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தாலும், காயப்பட்டவர் சிறுபிள்ளையோ முதியவரோ ஆனாலும் தாமதிக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் வரும். அதற்குக் கட்டணம் இல்லை.

"வைத்தியசாலையில் தாதியும் வாஸ்லின் மாதிரியான துணிதானே வைத்துக் கட்டுகிறார்?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது கிருமி நீக்கிப் பொதி செய்த துணி. காயம் ஆறிக் குளிர்ந்து, கழுவப்பட்ட பிறகு, துணி ஒட்டாமல் இருக்க வைப்பது. வீட்டுப் போத்தலில் விரல் விட்டு எடுத்துச் சூட்டின்மேல் பூசுவதும் அதுவும் ஒன்றல்ல.

கீழே கிருமி இருந்தால்: மீன்முள், ஆணி, ஆழமான காயம்

கடற்றொழில் செய்வோருக்குத் திருக்கை முள்ளும் கெளிறு முள்ளும் புதிதல்ல. வீடு கட்டும் இடத்தில் துருப்பிடித்த ஆணியும் தகரமும் காலைக் கிழிக்கும். இவை வெளியே சிறிய துளை, உள்ளே ஆழம். ஏற்புவலிக் கிருமி காற்றுப் படாத ஆழத்தில்தான் பெருகும். அந்தத் துளையை ஜெலியால் அடைப்பது பிழை.

முள் விஷமென்றால், பொறுக்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் காலை வைத்தால் வலி குறையும். தண்ணீரின் சூட்டைக் காயப்படாத கையால் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சவர்க்காரமும் சுத்தமான தண்ணீரும் கொண்டு கழுவி, வைத்தியசாலையில் முள் துண்டு உள்ளே இருக்கிறதா என்று காட்டி, ஏற்புவலி ஊசி பற்றிக் கேளுங்கள்.

மேலோட்டமான சிறு கீறல் வேறு. அதைக் கழுவித் துடைத்து, சுத்தமான ஜெலியை மெல்லியதாகப் பூசி மூடினால் பொருக்குக் கட்டியாகாமல் நன்றாக ஆறும். கழுவிய பிறகுதான் மூடி.

கீழே நோய் இருந்தால்: ஜெலி மறைக்கும், மாற்றாது

சொறி. இரவில் அதிகமாகக் கடிக்கும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, தொப்புளைச் சுற்றிச் சிறு பருக்கள் வரும். ஒருவருக்கு வந்தால் ஒரே பாயில் படுக்கும் எல்லோருக்கும் வரும். தோலைத் துளைத்து வாழும் சிற்றுண்ணிதான் காரணம். ஜெலி கடியைச் சற்று அடக்கலாம், ஆனால் உண்ணியைக் கொல்லாது. வைத்தியர் தரும் பூசுமருந்தை வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூசி, உடையையும் விரிப்பையும் கழுவி வெயிலில் காயப்போட வேண்டும்.

பங்கசும் வியர்க்குருவும். தொடை இடுக்கு, மார்பின் கீழ், கால்விரல் இடுக்கு ஆகியவை நம் வெக்கையில் எப்போதும் ஈரமானவை. அங்கே ஜெலி பூசினால் ஈரம் போகாது, பங்கசு பரவும், வியர்க்குரு கூடும். அந்த இடங்களைக் கழுவி உலர வையுங்கள்.

ஆறாத புண். காடு வெட்டும் இடங்களில் நுளம்பைவிடச் சிறிய மணல் ஈ கடிப்பதால் லீஷ்மேனியாசிஸ் என்ற தோல்நோய் வரலாம். இலங்கையிலேயே தொற்றிய முதல் நோயாளி 1992 இல் கண்டறியப்பட்டார். 2008 முதல் அது அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று. முகத்திலோ கையிலோ காலிலோ வலியில்லாத, கடியில்லாத ஒரு சிறு கட்டி தோன்றும். வாரக்கணக்கில் பெருத்துப் புண்ணாகும். வலி இல்லாததால் ஜெலியைப் பூசிக்கொண்டு மாதங்களைக் கடத்திவிடுவோம்.

உணர்ச்சியற்ற தேமல். வெளிறிய அல்லது சிவந்த படையில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். அதற்கு முழுமையாகக் குணமாக்கும் மாத்திரை அரச வைத்தியசாலைகளில் இலவசம். பிந்தினால் நரம்பு கெட்டுக் கையும் காலும் ஊனமாகும். வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய நோய் அல்ல.

நினைவில் வைக்க ஒரு கணக்கு: எந்தத் தோல் மாற்றமும் இரண்டு வாரத்தில் குறையாவிட்டால், போத்தலை மூடிவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். குடும்ப சுகாதார உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது அவரிடமும் காட்டலாம்.

கீழே பூச்சிமருந்து இருந்தால்

கற்பிட்டிக் குடாநாட்டில் வெங்காயமும் மிளகாயும் செய்து பழகியவர்கள் ஊர் போயும் தோட்டம் செய்வீர்கள். மருந்து அடிக்கும் முன் கையில் ஜெலி பூசினால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். ஜெலி கையுறைக்கு ஈடாகாது. மருந்து அடித்த கையைக் கழுவாமல் எரிச்சலுக்கு ஜெலி பூசுவது அதைவிட மோசம். மூடிய தோல் தன்மேல் இருக்கும் இரசாயனத்தை அதிகமாக உறிஞ்சும். கையுறை, நீளக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை அணியுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளித்து, உடை மாற்றுங்கள். ஜெலி அதற்குப் பிறகுதான்.

ஜெலி வெயிலையும் தடுக்காது. கடலுக்குப் போகுமுன் முகத்தில் பூசினாலும் தொப்பியும் நீளக்கைச் சட்டையும் தேவை.

மூக்குக்குள் வேண்டாம்: குழந்தைகளும் முதியோரும்

தடிமன் பிடித்த குழந்தையின் மூக்கில் ஜெலி தடவுவதும் எண்ணெய் விடுவதும் நம் வீடுகளில் பழக்கம். மூக்கில் வைத்த எண்ணெய்ப் பசை, தூக்கத்தில் மெதுவாகத் தொண்டையின் பின்னால் இறங்கி நுரையீரலுக்குப் போகலாம். நுரையீரலால் அதைக் கரைக்கவோ வெளியேற்றவோ இலகுவில் முடியாது. அங்கே தங்கி, எண்ணெயால் வரும் ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். 1925 இல் லாஃப்லென் என்ற வைத்தியர் இதை முதலில் எழுதினார். எண்ணெய்க் குளியலின்போது குழந்தையின் மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடும் வழக்கம் உள்ள தென்னிந்தியாவிலும் 1970களில் வைத்தியர்கள் இதே நோயைக் குழந்தைகளில் கண்டு எழுதினார்கள்.

ஒரு தடவை பூசியதற்காகப் பயப்பட வேண்டாம். நாளாந்தம், மாதக்கணக்கில், அதுவும் படுக்கும் முன் மூக்கினுள் வைப்பதுதான் ஆபத்து. குழந்தைகள், விழுங்கச் சிரமப்படும் முதியோர், பாரிசவாதம் வந்தவர்கள் ஆகியோருக்கு மூக்கினுள் வைக்கவே கூடாது. மூக்கின் வெளிப்புறம் துடைத்துத் துடைத்துப் புண்ணாகியிருந்தால் வெளியே மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள். பிள்ளை வேகமாக மூச்சு வாங்கினால், நெஞ்சு உள்ளே இழுத்தால், பால் குடிக்க மறுத்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

மாதம் நிறையாமல் பிறந்த குழந்தையின் உடம்பு முழுவதும் பூசுவதையும் வைத்தியர் சொன்னால் ஒழியச் செய்யாதீர்கள். அப்படிப் பூசிய குழந்தைகளில் கிருமித்தொற்று கூடியதாகச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன.

துணியில் ஊறினால்: நெருப்பு

இதைப் பலர் யோசிப்பதில்லை. போத்தலில் இருக்கும் ஜெலி இலகுவில் தீப்பிடிக்காது. ஆனால் அது சாரத்திலும் தலையணை உறையிலும் பிள்ளையின் விரிப்பிலும் நாள்தோறும் ஊறினால், துணி மெழுகுதிரியின் திரி போலாகிவிடும். பொறி பட்டால் சாதாரணத் துணியை விட வேகமாக எரியும். கழுவினாலும் முழுதாகப் போகாது. இப்படிப் பலர் எரிந்து இறந்ததால் பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் 2018 இல் பகிரங்க எச்சரிக்கை விடுத்தது.

அங்கே பெரும்பாலும் காரணம் சிகரெட். இங்கே விறகடுப்பும் குப்பி விளக்கும் நுளம்புத்திரியும். ஆகவே கை, கால் நிறையப் பூசிக்கொண்டு அடுப்படியில் நிற்க வேண்டாம். அது தோலில் ஊறும்வரை பொறுங்கள். நோயாளிக்கு உடம்பு முழுவதும் பூச வேண்டியிருந்தால், அவர் படுக்கும் இடத்தில் விளக்கு வைக்காதீர்கள். விரிப்பை அடிக்கடி மாற்றிச் சுடுதண்ணீரில் கழுவுங்கள்.

எதை வாங்குவது?

"வாஸ்லின் புற்றுநோய் தருமாமே?" என்று பலர் கேட்கிறார்கள். பதில், சுத்திகரிப்பில் இருக்கிறது. கச்சா எண்ணெயில் புற்றுநோயை உண்டாக்கும் சில சேர்வைகள் உண்டு. சுத்திகரிக்காத, அரைகுறையாகச் சுத்திகரித்த கனிய எண்ணெய்களைச் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியுள்ளது. மருந்துத் தரத்துக்கு முழுமையாகச் சுத்திகரித்த வெள்ளை ஜெலியில் அவை நீக்கப்பட்டுள்ளன. அதைத் தோலில் பாவிப்பதற்கு அப்படிப் பயப்படத் தேவையில்லை. ஐரோப்பாவிலும் அழகுசாதனங்களில் இதைச் சேர்க்க வேண்டுமானால் சுத்திகரிப்பு முழுவதும் தெரிந்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

ஆகவே:

– பாமசியில், முத்திரையிட்ட, "பி.பி." என்ற மருந்துத் தரக் குறியுள்ள வெள்ளை ஜெலியை வாங்குங்கள்.
– சந்தையில் நிறுத்து விற்கும், பெயரோ திகதியோ இல்லாத ஜெலி வேண்டாம்.
– படகு எஞ்சினுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் போடும் கிறீஸை ஒருபோதும் தோலில் பூசாதீர்கள். அது மனித உடம்புக்குச் செய்ததல்ல.
– வாசனையோ நிறமோ சேர்த்தது சிலருக்கு ஒவ்வாமை தரும். பிள்ளைக்கு வாசனையில்லாததே நல்லது.

எப்போது நல்லது, எப்படிப் பூசுவது?

உப்பளத்தில் வேலை செய்வோரின் வெடித்த குதிகாலுக்கும், உவர்த் தண்ணீரில் வுழூச் செய்து காய்ந்த காலுக்கும், முதியோரின் வரண்ட தோலுக்கும், குழந்தையின் ஈரத்துணி படும் இடத்துக்கும் இது நல்ல, மலிவான பாதுகாப்பு. முறை இது:

1. கையைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள்.
2. பூசும் இடத்தைக் கழுவி, ஒற்றித் துடையுங்கள். சற்று ஈரப்பதம் இருக்கும்போதே பூசினால்தான் அந்த ஈரம் உள்ளே நிற்கும்.
3. சுத்தமான கரண்டியால் எடுங்கள். புண்பட்ட விரலைப் போத்தலுக்குள் விடாதீர்கள். சொறி, புண் உள்ளவருக்குத் தனிப் போத்தல் வையுங்கள்.
4. மெல்லியதாகப் பூசுங்கள். தடிப்பாகப் பூசுவதால் நன்மை கூடாது.
5. மூடி, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். பிள்ளை வாயில் போட்டால் புரைக்கேறி நுரையீரலுக்குள் போகலாம்.

இன்னுமொன்று. பெற்றோலியம் ஜெலியும் எண்ணெயும் இறப்பரைப் பழுதாக்கும். குடும்பத் திட்டத்துக்காக ஆணுறை பாவிக்கும் தம்பதியர் அதனுடன் இவற்றைச் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் அது கிழியும்.

ஜெலி கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். வரண்ட தோலுக்குச் சுத்தமான தேங்காயெண்ணெயும் போதும். ஆனால் அதற்கும் இதே கட்டுப்பாடுதான்: சுட்ட புண்ணிலும் மூக்கினுள்ளும் வேண்டாம்.

குடும்பமாகப் பேசிப் பாருங்கள்

– இன்றிரவு நம் வீட்டில் ஒரு பிள்ளை சுட்டுக்கொண்டால் முதலில் எதை எடுப்போம்? தண்ணீர் வாளி எங்கே இருக்கிறது?
– நம் விளக்குச் சரிந்தால் கொட்டுமா?
– வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, உணர்ச்சியற்ற தேமலோ இருக்கிறதா?
– நம் போத்தலில் பெயரும் திகதியும் இருக்கிறதா?
– புதிய இடத்தில் நமக்குக் கிட்டிய வைத்தியசாலை எது? எவ்வளவு தூரம்? இரவில் எப்படிப் போவோம்?

கடைசிக் கேள்விக்கான பதிலை, லொறியில் சாமான் ஏற்றுவதற்கு முன்னரே கிராம அலுவலரிடமோ குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடமோ கேட்டு, இந்தப் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதி வையுங்கள். வாஸ்லின் போத்தலோடு இந்தப் புத்தகத்தையும் ஒரே பையில் வையுங்கள்.